எலும்பு எந்தப் பக்கத்தது?

(மருத்துவக் கல்லூரி ஒன்றின் உடற்கூறியல் துறையில் முதலாண்டு மாணவர்களுக்கும் பொதுமக்களுக்குமாக ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

மாணவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் தயங்காமல் மேசையை நெருங்கி வரலாம். இங்கே இருப்பவை எல்லாம் உண்மையான மனித எலும்புகள். அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றையாவது நீங்கள் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் இந்தச் சின்ன எலும்பு. ஒரு சாணுக்கும் குறைவான நீளம், இரண்டு வளைவு. காறை எலும்பு என்போம், மாணவர்களுக்கு கிளாவிக்கிள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் தட்டிலிருந்து இதை எடுத்துக் கையில் கொடுப்பார். பெயர் கேட்க மாட்டார். "சைடு சொல்லுங்க" என்பார். வலமா, இடமா? எலும்பியலின் முதல் வாசல் இந்தக் கேள்விதான். பெயரை மட்டும் சொல்லத் தெரிந்தவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

பக்கத்தைச் சொல்ல மூன்று செய்திகள் வேண்டும். எந்த முனை நெஞ்சின் நடுவை நோக்கியது, எந்த முனை தோளை நோக்கியது? ஒரு முனை திரண்டு தடித்திருக்கிறது. அது மார்பெலும்போடு சேர்வது. மற்றது தட்டையாக இருக்கிறது; அது தோள்பட்டை எலும்பைச் சேர்வது. அடுத்து, எது முன், எது பின்? நெஞ்சுப் பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கிப் புடைத்து வளைகிறது, தோள் பக்கத்து ஒரு பங்கு பின்வாங்கி வளைகிறது. கடைசியாக, எது மேல், எது கீழ்? விரலால் தடவுங்கள். ஒரு பரப்பில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தட்டுப்படும். சிறிய தசை ஒன்று அதில் ஒட்டியிருந்தது. அது கீழ்ப்பரப்பு. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் வலம் இடம் தானாக வந்து நிற்கும்.

இப்போது எலும்பை வைத்துவிட்டு உங்கள் கழுத்துக்குக் கீழே விரலை வையுங்கள். நடுவில் உள்ள குழியிலிருந்து தோள் வரை அதே வளைவு தோலுக்கு அடியில் ஓடுகிறது. கைப்பாரம் முழுவதையும் உடம்பின் நடுத்தூணுக்கு ஏற்றிவிடுவது இந்த எலும்பு. வண்டியிலிருந்து தோள் அடிபட விழுகிறவர்களுக்கு இது முறிந்தால், பெரும்பாலும் வளைவு திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில்தான் முறியும். கருவில் ஐந்தாம் ஆறாம் வாரத்திலேயே எலும்பாகத் தொடங்குவது இதுதான். உடம்பில் இதற்கு முந்தியது இல்லை. ஆனால் இதன் நெஞ்சுப் பக்க முனை முழுதாக இணைந்து முடிவது இருபது வயது தாண்டித்தான், பலருக்கு 25 வயதை ஒட்டி. தாய் வயிற்றில் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கி எல்லாவற்றுக்கும் பின்னால் முடிக்கிற எலும்பு.

பக்கம் கண்டுபிடிப்பதற்காக நாம் என்ன செய்தோம் என்று கவனியுங்கள். மார்பெலும்பைத் தேடினோம், தோளைத் தேடினோம், போய்விட்ட ஒரு தசையைத் தேடினோம். கையில் இருந்தது ஓர் எலும்பு. நினைவுக்கு வந்தது அதைச் சுற்றி இருந்த உடம்பு. இன்று நான் சொல்ல வந்தது இதுதான். எலும்பின் மேல் உள்ள ஒவ்வொரு குறியும் அங்கே இப்போது இல்லாத ஒன்றின் தடம். அந்த இல்லாத பொருளைக் கண்டுபிடிக்கப் பழகினால் பெயர்கள் தாமாக மனத்தில் தங்கும். பெயர்களை மட்டும் பிடித்துக்கொண்டால் தேர்வு முடிந்த மறுவாரமே போய்விடும்.

முதலாண்டு விடுதி அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சீனியர்களிடமிருந்து கைமாறி வந்த போன் செட், அதாவது எலும்புத் தொகுப்பு, கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருக்கும். ஒரு கையில் சௌராசியாவின் உடற்கூறியல் புத்தகம், மறு கையில் எலும்பு, பார்வை முழுவதும் புத்தகத்தில். கிரேட்டர் டியூபர்க்கிள், லெஸ்ஸர் டியூபர்க்கிள், டெல்டாய்டு டியூபரோசிட்டி என்று உரக்கப் படிப்பார்கள். எலும்பு ஊமையாகக் கையில் கிடக்கும். படங்கள் நன்றாக இருக்கின்றன, தசை பிடிக்கும் இடம் சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசியிருக்கிறது. ஆனால் கையில் உள்ள எலும்பில் வண்ணம் இல்லை. அந்தச் சிவப்பு எங்கே முடிகிறது என்பதை விரல்தான் சொல்ல வேண்டும்.

உடம்பில் குறிகள் பல நூறு. அவற்றை உண்டாக்கும் காரணங்களோ மிகச் சில. ஏதோ ஒன்று இழுத்திருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று கடந்து போயிருக்கிறது, அல்லது இன்னோர் எலும்பு வந்து பொருந்தியிருக்கிறது. சொரசொரப்பாக மேடிட்ட இடம் என்றால் தசையோ தசைநாணோ பற்றியிருந்தது. முண்டு, முகடு, முள், கோடு எல்லாம் அந்தக் குடும்பம். துளை, பள்ளம், வெட்டு என்றால் பெரும்பாலும் நரம்போ ரத்தக்குழாயோ சென்ற வழி. கண்ணாடிபோல வழவழப்பான பரப்பு என்றால் அங்கே மூட்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலே இம்மூன்றும் பிரிந்து தெரியும். நான் மாணவர்களைக் கண்ணை மூடித்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

கிணற்றுச் சுவர்க் கல்லில் கயிறு உரசி விழுந்த தடத்தைப் பார்த்திருப்பீர்கள். கயிறும் இல்லை, இறைத்தவரும் இல்லை. தடம் மட்டும் இருக்கும். எலும்பின் குறியும் அப்படித்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கல் தேய மட்டுமே தெரிந்தது. எலும்பு உயிருள்ள பொருள். இழுக்கிற இடத்தில் வளரும், பாரம் தாங்குகிற திசையில் தடிக்கும், வேலை இல்லாவிட்டால் மெலியும். ஜெர்மனியின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். சிறு வயதிலிருந்து டென்னிஸ் ஆடியவர்களின் ஆடும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளி நிலையத்தில் பாரமே இல்லாமல் மிதப்பவர்களின் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தி குறைகிறது. நோயில் படுக்கையோடு கிடப்பவர்களை எழுப்பி நடக்க வையுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழுக்கிற இடத்தில் எலும்பு வளரும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று காதுக்குப் பின்னால் இருக்கிறது. காது மடலுக்குப் பின்னே கீழ்நோக்கி ஒரு கெட்டியான முளையைத் தொட்டுப் பாருங்கள். மாஸ்டாய்டு முளை. கழுத்தின் பக்கவாட்டில் சாய்வாக இறங்கும் பெரிய தசை அங்கேதான் பற்றுகிறது; தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தத் தசை கயிறுபோல எழுந்து நிற்கும். பிறந்த குழந்தையின் மண்டையோட்டை வாங்கி அதே இடத்தைத் தேடுங்கள். முளையே இருக்காது. குழந்தைக்குத் தலை நின்று, குப்புற விழுந்து, உட்கார்ந்து, எழுந்து நடக்கத் தொடங்கி, அந்தத் தசை ஓயாமல் இழுத்த பிறகு, இரண்டாவது வயதில்தான் அது உருவெடுக்கத் தொடங்குகிறது. நம் வீட்டுப் பாட்டிமார் நாள் எண்ணிக் காத்திருக்கும் ஒவ்வொரு பருவமும் இந்த முளையின் வரலாற்றில் இருக்கிறது.

இதில் மருத்துவப் பாடமும் உண்டு. முகத்தை அசைக்கும் நரம்பு இந்த முளைக்கு முன்னால், மண்டையோட்டின் சின்னத் துளை ஒன்றின் வழியே வெளியே வருகிறது. பெரியவர்களுக்கு முளை அதை மறைத்துக் காக்கிறது. பச்சைக் குழந்தைக்கு அந்த மறைப்பு இல்லை. நரம்பு தோலுக்கு அடுத்தாற்போல் கிடக்கிறது. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவத்தில் குழந்தையின் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது ஏன் என்று, இந்த ஓர் இல்லாத முளையை அறிந்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நரம்பும் எலும்பும் நெருங்கிப் பழகும் இடங்களைக் காட்ட மேற்கை எலும்பைவிடச் சிறந்தது இல்லை. இதோ ஹ்யூமரஸ். மேலே உருண்டையான தலை. அது உள்நோக்கிப் பார்க்கும். தலையும் அதன் அருகே உள்ள முண்டுகளும் முடிந்து தண்டு தொடங்கும் இடம் குறுகியிருக்கிறது. இதை அறுவைக் கழுத்து என்கிறோம், அடிக்கடி முறிவது இங்கே என்பதால். அதைச் சுற்றிப் பின்னாலிருந்து ஒரு நரம்பு வருகிறது. முறிவில் அது காயப்பட்டால் தோளின் மேல் தசை செயலிழக்கும். கையைப் பக்கவாட்டில் தூக்க முடியாது.

தண்டின் பின்புறம் வாருங்கள். சாய்வாக ஓர் ஆழமில்லாத பள்ளம். முதல் பார்வையில் தெரியாது; வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழும். ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகும் வழி அது. நடுத்தண்டில் முறிந்தால் மணிக்கட்டு தொங்கிப் போவதைப் பார்க்கலாம். கையை உயர்த்தி நீட்டச் சொன்னால் புறங்கை எழாது. நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் கையைத் தொங்கவிட்டு ஆழ்ந்து தூங்கி எழுந்தவருக்கும் அதே நிலை வரும், முறிவு எதுவும் இல்லாமலே. எலும்புக்கும் சட்டத்துக்கும் நடுவே நரம்பு நசுங்கியதுதான் காரணம்.

இன்னும் கீழே, முழங்கை. உள்பக்கம் கூர்மையாகத் துருத்தும் முண்டு ஒன்று. அதன் பின்னால் உள்ள பள்ளத்தில் அல்னார் நரம்பு போகிறது. கதவு நிலையில் முழங்கை இடித்துச் சுண்டுவிரல் வரை ஷாக் அடித்ததுபோல் ஓடுமே, அந்த நரம்புதான். எலும்புக்கு ஷாக் அடிக்கவில்லை. இனி இந்த எலும்பை எடுக்கும்போது மூன்று பெயர்களை நினைக்க வேண்டாம். கை தூக்க முடியாத ஒருவர், மணிக்கட்டு தொங்கிய ஒருவர், சுண்டுவிரல் மரத்துப்போன ஒருவர் என மூன்று பேரை நினையுங்கள். பெயர்கள் அவர்களோடு வந்துவிடும்.

இதே எலும்பின் தண்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. எலும்புக்கு உணவு கொண்டுபோகும் குழாயின் வாசல். அது நேராகத் துளைக்கவில்லை, முழங்கையை நோக்கிச் சாய்ந்து போகிறது. மேற்கை, முன்கை எலும்புகள் எல்லாவற்றிலும் முழங்கையை நோக்கியே சாய்வு. காலில் அதற்கு மாறாக, முழங்காலை விட்டு விலகி ஓடும். எலும்பின் எந்த முனை மிகுதியாக வளர்ந்ததோ அதற்கு எதிர்த்திசையில் துளை சாய்கிறது. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தோள் முனையில் நடக்கிறது. தொடை எலும்பிலோ பெரும்பங்கு முழங்கால் முனையில். முழங்கால் அருகே அடிபட்ட சிறுவனின் எக்ஸ்ரேயை எலும்பு மருத்துவர் அத்தனை கவலையோடு பார்ப்பது ஏன் என்பதை இந்த ஊசித் துளையிலிருந்தே தொடங்கி விளக்கலாம்.

தொடை எலும்புக்கு வருவோம். உடம்பின் நீளமான எலும்பு, உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தலை உள்நோக்கி, தண்டின் வளைவு முன்னோக்கி. பின்னால் நெடுக ஒரு சொரசொரப்பான வரம்பு. இதற்கு லீனியா ஆஸ்பெரா என்று பெயர். தொடையின் பெரிய தசைகள் பல இந்தக் குறுகிய வரம்பில் இடம் பிடித்துக்கொண்டிருந்தன. மேலே உள்பக்கம் பின்னால் ஒரு சிறு முண்டு. முதுகெலும்பிலிருந்து வயிற்றுக்குள்ளே இறங்கி வந்து தொடையை மடக்கும் தசை அங்கே பற்றுகிறது. நீங்கள் மாடிப்படி ஏறி இந்த அறைக்கு வந்தது அந்த முண்டை இழுத்துத்தான்.

நம் வாழ்முறை நம் எலும்பில் எழுதப்படுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு கணுக்காலில் இருக்கிறது. குந்தி உட்காரும்போது பாதம் கணுக்காலில் நன்றாக மடங்குகிறது. அப்போது முன்கால் எலும்பின் கீழ் விளிம்பும், அதற்குக் கீழே உள்ள டாலஸ் எலும்பின் கழுத்தும் ஒன்றையொன்று தொடுகின்றன. தொடும் இடத்தில் சிறு வழவழப்பான தளங்கள் உண்டு. நாற்காலியில் வளர்ந்தவர்களிடம் இவை அரிதாகவே தென்படும். லாகூர் மருத்துவக் கல்லூரியில் இருந்த ஹேவ்லாக் சார்ல்ஸ் என்ற மருத்துவர் பஞ்சாபியரின் கால் எலும்புகளில் இத்தளங்களை ஆராய்ந்து 1890களில் எழுதினார். கைக்குழந்தைகளின் எலும்பிலும் அவர் இவற்றைக் கண்டார். எனவே பழக்கம் மட்டுமா, பிறப்பிலேயே வருவதா என்ற கேள்வி எழுந்தது. அது எளிதில் தீரவில்லை. எல்லாத் தடத்துக்கும் ஒரே காரணம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். அகழாய்வில் கிடைத்த ஓர் எலும்பை வைத்து "இவர் குந்தி வேலை செய்தவர்" என்று அறிவிப்பதற்கு முன் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும்.

மாணவர்கள் சிலரின் முகத்தில் கை எலும்புகள் எப்போது வரும் என்ற கவலை தெரிகிறது. இரண்டு கைகளிலும் 54, இரண்டு பாதங்களிலும் 52. உடம்பின் 206இல் பாதிக்கு மேல் கையிலும் பாதத்திலும் இருக்கின்றன. மணிக்கட்டின் எட்டு எலும்புகளை வரிசையாகச் சொல்ல ஆண்டுதோறும் மாணவர்கள் புதுப்புது வாக்கியங்கள் கட்டுகிறார்கள். கட்டிக்கொள்ளுங்கள், தவறில்லை. வரிசை நினைவில் நிற்கும். ஆனால் எட்டில் ஒன்றை மட்டும் தனியே அறிந்துகொள்ளுங்கள்: ஸ்காஃபாய்டு. கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு குழி விழும். அந்தக் குழியின் தரையில் இது இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தவருக்கு அங்கே அழுத்தினால் வலித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் முறிவு என்றே கருதிக் கட்டுப்போட்டுப் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து நுழைகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதிக்கு ரத்தம் நின்று, அந்தத் துண்டு செத்துப்போகலாம். ரத்தக்குழாய் நுழையும் துளைகள் எந்தப் பக்கம் கூட்டமாக உள்ளன என்று எலும்பைத் திருப்பிப் பார்த்தவருக்கு இது மறக்காது.

முழங்கால் சில்லைப் பற்றி ஒரு வரி. அதன் கூர்முனை உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்க, வழவழப்பான பரப்பு கீழே இருக்க, மேசைமேல் வைத்துவிடுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் காலுக்கு உரியது. வெளிப்பக்கத்து மூட்டுத்தளம் பெரிது. ஆகவே அங்கே சாயும்.

206 என்ற எண்ணைச் சொன்னேன். பெரியவர் ஒருவர் வாசலில் என்னிடம் கேட்டார், நம் பழைய நூல்கள் வேறு கணக்குச் சொல்கின்றனவே என்று. சொல்கின்றன. சரகர் வழி 360, சுசுருதர் வழி 300. அவர்கள் எண்ணத் தெரியாமல் எண்ணியதாக நினைத்துவிடாதீர்கள். பல் 32ஐயும், அவை பதிந்த குழிகளையும், நகங்களையும் சரகர் கணக்கில் சேர்த்தார். சுசுருதர் நகத்தை விட்டார். பல்லையும் குருத்தெலும்பில் பலவற்றையும் சேர்த்துக்கொண்டார். ருடால்ஃப் ஹேர்ன்லே என்ற அறிஞர் 1907இல் இதற்கென ஒரு நூலே எழுதி ஒவ்வோர் எலும்பாகப் பொருத்திப் பார்த்தார். எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சுசுருதர் சொன்ன முறை. உடலைப் புல்லிலும் மரப்பட்டையிலும் சுற்றி, கூண்டில் வைத்து, மெல்ல ஓடும் நீரில் மறைவான இடத்தில் இறக்கி, ஏழு இரவு கழித்து எடுத்து, வெட்டிவேர் போன்றவற்றால் ஆன தூரிகையால் மெல்லத் தேய்த்து, அடுக்கடுக்காகக் கண்ணால் காண வேண்டும் என்றார். நூலில் படித்ததையும் கண்ணால் கண்டதையும் இணைத்தால்தான் அறிவு பெருகும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

அந்த நிபந்தனையை மறந்ததால் உலகம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு பிழையைச் சுமந்தது. இதோ கீழ்த்தாடை எலும்பு. ஒரே எலும்பு என்பது குழந்தைக்கும் தெரியும். பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் இதை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என்று எழுதினார். மனித உடலை அறுக்க முடியாத காலம். அவர் அறுத்தவை பெரும்பாலும் குரங்கும் மற்ற விலங்குகளும். பின்வந்தவர்கள் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே அவர் எழுதியதைத் திருப்பிச் சொன்னார்கள். 1200ஆம் ஆண்டை ஒட்டி எகிப்தில் கொடும் பஞ்சம் வந்தது. பாக்தாதிலிருந்து அங்கே சென்றிருந்த அப்துல் லத்தீப் என்ற மருத்துவர், ஊர்ப்புறத்தில் குவிந்து கிடந்த பிணங்களின் எலும்புகளைப் பார்க்கப் போனார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளைப் பார்த்தார், பிறரையும் பார்க்கச் சொன்னார். ஒன்றிலும் தாடையில் இணைப்பு இல்லை. ஒரே எலும்பு என்று எழுதிவைத்தார். கேலன் எவ்வளவு பெரியவரானாலும் நம் புலன் காட்டுவதே உறுதியான சான்று என்பது அவர் நிலை. ஐரோப்பாவில் உடற்கூற்று அறிஞர் வெசாலியஸ் 1543இல் தம் பெருநூலில் இதே தாடையைத் திருத்தினார். மார்பெலும்பு ஏழு துண்டு என்பதையும் மூன்று என்று மாற்றினார். அதே ஆண்டு பாசெல் நகரில் அவர் தம் கையால் கோத்து நிறுத்திய எலும்புக்கூடு இன்றும் அந்த ஊர் உடற்கூற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழில் இதைப் படிக்க முடியுமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்தது. அந்த மாணவர்கள் எலும்பின் ஒவ்வொரு முண்டையும் குழியையும் தமிழில் சொல்லித்தான் மருத்துவர் ஆனார்கள்.

இங்கே இருக்கும் எலும்புகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பேசாமல் போவது நேர்மை ஆகாது. நெடுங்காலம் உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடு அனுப்பிய நாடு இந்தியாதான். கல்கத்தா அந்த வாணிகத்தின் நடுவிடம். யாருடைய உடல்கள், யார் சம்மதித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஏழைகளின் உடல்கள், அநாதைப் பிணங்கள், புதைகுழியிலிருந்து எடுத்தவை. 1985இல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது. வெளிநாட்டுக் கல்லூரிகளின் அலமாரிகளில் இன்றும் நம்மவர் எலும்புகள் இருக்கின்றன. இதை அறிந்த பிறகு ஒரு மண்டையோட்டை மேசைமேல் உருட்டி விளையாட மனம் வரக் கூடாது. வகுப்பில் நான் இதில் கடுமையாகவே இருப்பேன்.

இப்போது பிளாஸ்டிக் மாதிரிகள் நன்றாக வருகின்றன. தொடக்கத்துக்குப் போதும், வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆனால் அச்சில் வார்த்த நூறு எலும்பும் ஒரே எலும்புதான். உண்மையான எலும்புகளில் இரண்டு ஒன்றுபோல் இராது. சிலருக்கு மேற்கை எலும்பின் கீழ்முனையில், முழங்கைக் குழிக்கு நடுவே ஒரு துளை விழுந்திருக்கும். சிலருக்கு மார்பெலும்பில் துளை. எக்ஸ்ரேயில் அதைத் துப்பாக்கிக் காயம் என்று மயங்க இடமுண்டு. நெற்றி எலும்பின் நடுத்தையல் குழந்தைப் பருவத்தில் மறைய வேண்டியது, சிலருக்கு வாழ்நாள் முழுதும் நிற்கும். அதை முறிவு என்று எண்ணிவிடக் கூடாது. இயல்பின் எல்லை எவ்வளவு அகலம் என்பதைப் பல மனிதர்களின் எலும்பைத் தொட்டவர்தான் அறிவார்.

இந்த அறிவு நீதிமன்றம் வரை போகிறது. ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ வயது என்ன என்ற கேள்வி வழக்கில் எழும்போது, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் முதலில் பள்ளிச் சான்றைப் பார்க்கச் சொல்கிறது, அடுத்து உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றை. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. மணிக்கட்டு, முழங்கை போன்ற மூட்டுகளின் எக்ஸ்ரேயில் எந்த முனை தண்டோடு இணைந்துவிட்டது, எது இன்னும் கோடாகத் தெரிகிறது என்று படித்து வயதை மதிப்பிடுகிறோம். இது மதிப்பீடுதான், இரண்டு ஆண்டு முன்னும் பின்னும் மாறலாம் என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 17 என்பதும் 19 என்பதும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே வேறாக்கும். ஆகவே மாணவர்களே, எக்ஸ்ரேயைப் பார்த்து ஓர் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்த முனை இணைந்திருக்கிறது, எது இணையவில்லை என்பதை எழுதி, வயதை ஒரு வரம்பாகக் கொடுங்கள். இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதும் அப்படியே. பின்புற வெட்டு அகலமா குறுகலா, முன்னால் இரு எலும்பும் சேரும் கோணம் விரிந்ததா ஒடுங்கியதா என்று பல குறிகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே பேச வேண்டும். ஒற்றைக் குறியை நம்பிப் பேசக் கூடாது.

கடைசியாக, உடல்தானம் பற்றிக் கேட்ட பெரியவர்களுக்கு. அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போய் உறுதிமொழிப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். ஆனால் படிவம் மட்டும் போதாது. இறந்த பின் உடலைக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்கள் உங்கள் பிள்ளைகள். அவர்கள் மனம் ஒப்ப வேண்டும். ஆகவே இன்றே வீட்டில் பேசிவிடுங்கள், படிவத்தின் நகலையும் துறையின் தொலைபேசி எண்ணையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கண்தானமும் செய்யலாம்; இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும் என்பதால் உடனே கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும், அதன் பிறகு உடலை எங்களிடம் தரலாம். பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பொதுவாக நாங்கள் ஏற்க இயலாது. படிவங்கள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கின்றன. மாணவர்கள் உட்கார்ந்து நிரப்பித் தர உதவுவார்கள். ஐயங்களை என்னிடமே கேளுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.